மாத்திரை மாமாவுக்கு, தூக்கம் எங்களுக்கு

போன முகூர்த்தத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு கல்யாணம். முந்தின ராத்திரியே மண்டபத்துல தங்கல். மாடி ஹால்ல ஜமுக்காளம் விரிச்சு, பெரியவங்க எல்லாரையும் ஒரே வரிசையா படுக்க வெச்சிருந்தாங்க.

பதினோரு மணி இருக்கும். ஒரு அத்தை (எனக்கு எப்படி அத்தைன்னு கேட்காதீங்க, இந்தப் பக்கத்து கல்யாணத்துல கண்ணுல படுறவங்க எல்லாம் அத்தைதான்) "புது எடம், கண்ண மூட முடியல"ன்னு பொரண்டு பொரண்டு படுத்தாங்க. பக்கத்துல எங்க பெரியம்மா. எந்திரிச்சு உக்காந்து, சுருக்குப்பையை அவுத்து, வெத்தலை பாக்கு குடுக்கிற மாதிரி ஒரு மாத்திரையை எடுத்து நீட்டுறாங்க.

"இந்தா, பாதி போட்டுக்க. முகூர்த்தத்துக்கு நான் எழுப்பி விடுறேன்."

அந்த அத்தை வாங்கி, பல்லால ரெண்டாக் கடிச்சு, தண்ணி கூட இல்லாம முழுங்கிட்டு படுத்துட்டாங்க. மிச்சப் பாதி? பெரியம்மா வாயில.

என்ன மாத்திரைன்னு கேக்கல. எதுக்குன்னு கேக்கல. அந்த அத்தை தலகாணிப் பக்கத்துல ஆஸ்துமாவுக்கு உறிஞ்சுற இன்ஹேலர் கெடக்கு. ராத்திரி மூச்சு வாங்குறவங்களுக்கு இந்த மாதிரி மாத்திரை மூச்சை இன்னும் மந்தமாக்கும்னு அங்க யாருக்கும் தெரியாது.

"என்ன பெரியம்மா மாத்திரை அது?"

"ராத்திரி மாத்திரைடி. நரம்புக்கு."

செல்போன் டார்ச் அடிச்சு அட்டையைப் பாத்தேன். கடையில கத்திரியால வெட்டிக் குடுத்த துண்டு. பேர்ல பாதி அந்தப் பக்கம் போயிருச்சு. '...பிரசோலம்'னு மட்டும் மிச்சம். எக்ஸ்பைரி தேதி யாரோட துண்டுல போச்சோ!

எனக்கு அது போதும். அல்பிரசோலம். எங்க வீட்டுல வருஷக்கணக்கா குடியிருந்த ஆளு. பாதி பேர் தெரிஞ்சாலே முழுசா அடையாளம் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி நான்தான் தூங்கல. அந்த எரிச்சல்லதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், காபி போட்டுட்டு வாங்க. (சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ஆயிருந்தா காபி வேண்டாம். காரணம் பின்னாடி வரும்.)

*

எங்க மாமா, அதாவது வீட்டுக்காரரோட அப்பா, ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல வேலை பாத்து ரிட்டையர் ஆனவங்க. வாழ்க்கையில பாதி ராத்திரி அரை நைட்டு ஷிப்டுலயும் முழு நைட்டு ஷிப்டுலயும் போயிருச்சு. ஒரு வாரம் பகல்ல தூக்கம், அடுத்த வாரம் ராத்திரியில தூக்கம். இந்த ஊர்ல அப்படி வளந்த தலைமுறையே இருக்கு. இவங்க உடம்புக்கு எது ராத்திரி எது பகல்னு யாரு சொல்லிக் குடுத்தா? அறுபது வயசுல வேலையை விட்டதும், பத்து மணிக்குப் படுத்து அஞ்சு மணிக்கு எந்திரின்னா, உடம்பு கேக்குமா?

ஆனா மாத்திரை அதுக்காக வரல. வந்த வழி வேற.

குடலிறக்கத்துக்கு ஒரு ஆபரேஷன் நடந்துச்சு. வார்டுல தூக்கம் வரலைன்னு மாமா சொல்லியிருக்காங்க. (ஆஸ்பத்திரியில யாருக்குத்தான் தூக்கம் வந்திருக்கு? நாம அசந்த நேரமாப் பாத்துதானே பிரஷர் பாக்க வருவாங்க.) வீட்டுக்கு அனுப்புறப்ப குடுத்த டிஸ்சார்ஜ் சீட்டுல ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, வயித்துக்கு ஒண்ணு. கடைசி வரி: அல்பிரசோலம் 0.5, 0-0-1 (ராத்திரிக்கு மட்டும் ஒண்ணு), 5 நாள்.

ஆன்டிபயாடிக் தீந்துச்சு. வலி மாத்திரை தீந்துச்சு. கடைசி வரி மட்டும் தீரவே இல்ல.

அந்தச் சீட்டு மடிச்சு மடிச்சுக் கிழியுதுன்னு மாமா அதைக் கொண்டுபோய் லேமினேட் பண்ணிட்டாங்க. எங்க வீட்டுல ஆதார் கார்டுக்கு அடுத்து லேமினேட் ஆன ஆவணம் அதுதான். அதுல '5 நாள்'ங்கிறது பளபளன்னு தெரியும். கடை கடையா நீட்டியிருக்காங்க. யார் கண்ணுலயும் அது படல.

சட்டம் இல்லாம இல்ல. 2013ல மத்திய அரசு 'ஷெட்யூல் எச்1'னு ஒரு பட்டியல் போட்டு, 2014 மார்ச் 1ல இருந்து அமலுக்குக் கொண்டு வந்துச்சு. அல்பிரசோலம், டயாசிபம், நைட்ராசிபம், ஜோல்பிடெம் எல்லாம் அதுல இருக்கு. அட்டையில சிவப்புக் கட்டத்துக்குள்ள எச்சரிக்கை இருக்கணும். எந்த டாக்டர் எழுதினது, யாருக்குக் குடுத்தது, எத்தனை மாத்திரைன்னு கடைக்காரர் தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். நியாயமா சீட்டு பாத்து, எழுதி வெச்சுக் குடுக்கிற கடைகளும் நம்ம ஊர்ல இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா சீட்டு இருக்கான்னு பாக்குறது வேற, சீட்டுல என்ன இருக்குன்னு படிக்கிறது வேற.

சரி, வீட்டுல ஏன் யாரும் கேக்கல?

இங்கதான் விஷயம். எட்டரைக்கு மாமா மாத்திரை போடுவாங்க. ஒன்பது மணிக்குக் குறட்டை. டி.வி. ரிமோட் ஃப்ரீ. ராத்திரி ரெண்டு மணிக்கு கதவைத் திறந்து "யாரு அங்க"ன்னு கேக்குற சத்தம் இல்ல. இருமல் சத்தம் இல்ல. பிள்ளைங்க படிப்புக்குத் தொந்தரவு இல்ல. வீடே நிம்மதி. யார் போயி, அந்த மாத்திரை இன்னும் வேணுமான்னு கேப்பாங்க?

முழுங்குறது ஒருத்தர். தூங்குறது மொத்த வீடு.

*

இந்த மாத்திரையோட பூர்வீகத்தையும் கொஞ்சம் சொல்லிடுறேன்.

லியோ ஸ்டெர்ன்பாக்னு ஒரு வேதியியலாளர், ரோஷ் கம்பெனியில வேலை பாத்தவரு. அவர் கண்டுபிடிச்ச குடும்பம்தான் இது. 1960ல லிப்ரியம் வந்துச்சு, 1963ல வாலியம். அதுக்கு முன்னாடி புழங்கின தூக்க மருந்துகள்ல அளவு கொஞ்சம் கூடினாலே உயிர் போயிரும். அதோட ஒப்பிட்டா இது எவ்வளவோ பரவாயில்லைன்னு உலகமே கொண்டாடுச்சு. 1960கள் முடியுறப்ப நம்ம நாட்டுல ரான்பாக்ஸி அதே டயாசிபத்தை 'காம்போஸ்'னு விக்க ஆரம்பிச்சாங்க. உங்க தாத்தா பாட்டி காலத்துல "காம்போஸ் போட்டுப் படுத்தாரு"ன்னு பேசிக் கேட்டிருப்பீங்களே, அதேதான். அப்புறம்தான் அல்பிரசோலம், லோராசிபம், குளோனாசிபம்னு தம்பி தங்கச்சிங்க வந்தாங்க.

மூளையில காபான்னு ஒரு ரசாயனம் இருக்கு. நரம்புகளோட படபடப்பை அடக்குறது அதோட வேலை. இந்த மாத்திரைங்க அந்த வேலையைக் கூட்டி விடும். அதனால பயம் குறையும், தூக்கம் வரும். கூடவே கால் தள்ளாடும், ஞாபகம் மங்கும்.

கொஞ்ச வாரத்துலயே உடம்பு பழகிரும். தூக்கத்துக்குக் கிடைக்கிற பலன் குறைஞ்சுக்கிட்டே வரும், ஆனா மாத்திரை இல்லைன்னா தூக்கம் சுத்தமாப் போயிரும். அதனாலதான் அதிகம் போனா நாலு வாரம்னு பிரிட்டன்ல 1988லயே டாக்டர்களுக்குச் சொல்லியிருக்காங்க. மாமா சொல்லுவாங்க பாருங்க, "இது இல்லாம ஒருநாள் கூட முடியல தாயி, அப்ப எனக்கு இது தேவைதானே?"ன்னு. தேவைங்கிறதுக்கு அது சாட்சி இல்ல. பழகிட்டதுக்குத்தான் சாட்சி.

வயசானவங்களுக்கு ஏன் தனியாச் சொல்லணும்னா, அவங்க உடம்பு மருந்தை வெளியேத்துற வேகம் குறைஞ்சு போயிருது. கல்லீரல் மெதுவாயிரும். தசை குறைஞ்சு கொழுப்பு கூடும், டயாசிபம் மாதிரி மருந்து கொழுப்புக்குள்ள போய் உக்காந்துக்கும். 20 வயசுப் பையன் உடம்புல டயாசிபத்தோட அளவு பாதியாக் குறைய சுமார் 20 மணி நேரம் ஆகும். 80 வயசுல அதே பாதிக்கு 90 மணி நேரம் வரைக்கும் ஆகலாம். அதாவது திங்கக்கிழமை போட்ட மாத்திரையில பாதி வெள்ளிக்கிழமை வாக்குல இன்னும் உள்ளேயே இருக்கு. நடுவுல செவ்வாய், புதன், வியாழன் மாத்திரைகளும் வந்து சேந்தாச்சு. அல்பிரசோலம் அந்த அளவுக்கு மோசமில்ல, சராசரியா 11 மணி நேரம். ஆனா வயசானவங்களுக்கு அதுவே 16 மணி நேரம். ராத்திரி ஒன்பதுக்குப் போட்டதுல பாதி மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு உடம்புல இருக்கு.

இது எங்க பெரியம்மாவுக்குத் தெரியாது. ஆனா வேற மாதிரி தெரியும்.

அவங்க வீடு ஸ்ரீவில்லிபுத்தூர்ல திருமுக்குளத்துப் பக்கம். மார்கழி பொறந்தா விடியுறதுக்கு முன்னாடியே குளிச்சு, கோலம் போட்டு, கோயிலுக்குப் போயிருவாங்க. பாதித் தெருவுக்கு அவங்கதான் அலாரம். ஆண்டாள் ஊர்ல பொறந்தவங்க அப்படித்தானே இருப்பாங்க? திருப்பாவை முப்பது பாட்டுல பத்து பாட்டு, தூங்குறவங்க வீட்டு வாசல்ல நின்னு எழுப்புறதுதான். ஒரு பொண்ணைக் கும்பகர்ணனையே சொல்லிக் கேலி பண்ணி எழுப்புவா ஆண்டாள். (கோயிலுக்குள்ள வடபத்ரசாயி பெருமாள் என்னடான்னா பாம்பு மேல நிம்மதியாப் படுத்திருக்காரு. அவருக்கு மாத்திரை தேவைப்படல.)

இப்ப பெரியம்மா மார்கழியில ஏழு மணிக்கு எந்திரிக்கிறாங்க. "ஸ்பீக்கர்ல பாட்டுக் காதுல விழுதுடி, ஆனா ஒடம்பு எந்திரிக்க மாட்டேங்குது"ன்னு சொல்றாங்க. 'வயசாயிருச்சு'ன்னு வயசு மேல பழியைப் போட்டுட்டாங்க. வயசு பாவம், எல்லாத்துக்கும் அது தலையிலதான் விழுது.

*

மாமா விஷயத்துலயும் முதல்ல வயசுதான் மாட்டுச்சு.

ஒருநாள் ராத்திரி பின்வாசக் கதவு திறந்து கெடக்கு. போய்ப் பாத்தா மாமா துணி துவைக்கிற கல்லைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. வேட்டி நனைஞ்சிருக்கு. "சங்கு ஊதிருச்சா?"ன்னு கேக்குறாங்க. மில்லு சங்கு! ரிட்டையர் ஆகி எத்தனை காலம்! என் வீட்டுக்காரர் "அப்பா, இது வீடுப்பா"ன்னு சொல்ல, மாமா அவரை மேஸ்திரின்னு நெனச்சு "வாறேன், வாறேன்"னாங்க.

மறுநாளே குடும்ப மாநாடு. இது மறதி நோய்தான்னு தீர்மானம் நிறைவேறிருச்சு. ஆளாளுக்கு யூடியூப்ல வீடியோ அனுப்புறாங்க. வல்லாரைக் கீரை கட்டு கட்டா வருது.

நல்லவேளை, நாங்க பாத்த டாக்டரம்மா ஸ்கேனுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டாங்க. "வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் பையோட கொண்டாங்க."

மஞ்சப்பையை மேஜை மேல கவுத்தினோம். பிரஷர், சர்க்கரை, நீர் பிரியுற மாத்திரை (அதையும் ராத்திரிதான் போட்டுக்கிட்டிருக்காங்க!), அரிப்புக்கு அவில், எப்பவோ வாங்கின இருமல் டானிக், அப்புறம் நம்ம லேமினேஷன் நாயகன். டாக்டரம்மா மூணை மட்டும் ஓரமா நகட்டி வெச்சாங்க. அல்பிரசோலம், அவில், டானிக். மூணுமே மூளையை மந்தமாக்குறது. மூணும் ஒரே ராத்திரியில. அதுக்கு மேல நீர் மாத்திரை வேற எழுப்பி விடுது. பாதி மயக்கத்துல, இருட்டுல, ஈரத் தரையில நடக்க விடுறோம்.

அமெரிக்காவுல மார்க் பியர்ஸ்னு ஒரு முதியோர் மருத்துவர் 1991ல ஒரு பட்டியல் போட்டாரு, வயசானவங்களுக்கு எந்தெந்த மருந்தைத் தவிர்க்கணும்னு. இன்னைக்கும் 'பியர்ஸ் பட்டியல்'னு அவர் பேர்லயே புதுப்பிச்சுக்கிட்டு இருக்காங்க, 2023லயும் புதுப்பிச்சாங்க. இந்தத் தூக்க மாத்திரைக் குடும்பம், ஜோல்பிடெம், அவில் மாதிரி பழைய அலர்ஜி மாத்திரைங்க எல்லாம் அதுல உண்டு. காரணம், கீழ விழுறது, இடுப்பு எலும்பு முறியுறது, குழப்பம், வண்டி ஓட்டினா விபத்து. நம்ம ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில நெய்யிற பேண்டேஜ் துணி ஊர் ஊராப் போகுது, கட்டுப் போட துணிக்குப் பஞ்சமில்ல. அதுக்காக விழணும்னு இல்லையே.

*

இப்ப ரொம்ப முக்கியமான விஷயம். இதைப் படிச்சுட்டு யாரும் போய் அப்பா அம்மா மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில போட்டுறாதீங்க!

ரொம்ப நாள் போட்டவங்க திடீர்னு நிறுத்தினா கை நடுங்கும், வேர்க்கும், ராத்திரி முழுக்க முழிப்பு, சிலருக்கு வலிப்பே வரும். உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமா, வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல குறைக்கணும். இங்கிலாந்துல நியூகாசில்ல ஹெதர் ஆஷ்டன்னு ஒரு பேராசிரியை இதுக்குன்னே பன்னெண்டு வருஷம் கிளினிக் நடத்தினாங்க. எவ்வளவு மெதுவாக் குறைக்கணும்னு அவங்க எழுதி வெச்ச கையேட்டை இன்னைக்கும் உலகம் பூரா டாக்டருங்களும் நோயாளிங்களும் புரட்டுறாங்க. அதோட சாரம் ஒண்ணுதான்: அவசரப்படாதே.

மாமாவுக்கு எப்படிக் குறைச்சோம்னு மில்லிகிராம் கணக்கை இங்க எழுத மாட்டேன். அது மாமாவோட உடம்புக்கு, அவங்க டாக்டர் போட்ட கணக்கு. உங்க மாமாவுக்கு வேற.

ஆனா வீட்டுக்குள்ள நடந்த கூத்தைச் சொல்லலாம்.

முதல்ல மாமா ஒத்துக்கவே இல்ல. "தூக்கத்துக்கு மனநல டாக்டரா? எனக்கு என்ன கிறுக்கா?"ன்னுட்டாங்க. என் கொழுந்தன் குறுக்குவழி ஒண்ணு சொன்னாரு. "மதினி, அதே சைஸுல சுண்ணாம்புச்சத்து மாத்திரை இருக்கு, மாத்தி வெச்சிருவோம்." எனக்குப் பிடிக்கல. பிடிக்கலைன்னு சொல்லியும் மறுநாள் வெச்சுட்டாரு.

மாமா உள்ளங்கையில வாங்கி, கட்டை விரலால ஒரு தடவை உருட்டினாங்க.

"அறுபதாம் நம்பர் நூலுக்கும் எம்பதாம் நம்பர் நூலுக்கும் தொட்டுப் பாத்து வித்தியாசம் சொன்னவன்டா நானு. எங்கிட்டயா?"

கொழுந்தன் ஒரு வாரம் அந்தப் பக்கம் வரல.

அதுக்கப்புறம்தான் உருப்படியா ஒண்ணு நடந்துச்சு. டாக்டரம்மா எங்களை வெளியில உக்கார வெச்சுட்டு மாமாகிட்ட நேராப் பேசினாங்க. அந்த மாத்திரை உடம்புல என்ன பண்ணுது, அன்னைக்கு ராத்திரி சங்கு கேட்டது எதனால, நிறுத்தினா எப்படி இருக்கும், எல்லாத்தையும். மாமா வெளியில வந்து, "படிப்படியாக் கொறைக்கலாம்னு சொல்லியிருக்கேன்"ன்னாங்க. சொல்லியிருக்கேன்! முடிவு அவங்களோடது ஆயிருச்சு.

இது எங்க மாமாவோட குணம்னு நெனச்சேன். இல்லையாம். கனடாவுல நடந்து, 2014ல வெளியான ஒரு ஆராய்ச்சி, வருஷக்கணக்கா இந்த மாத்திரை போட்டுக்கிட்டிருந்த 65 வயசுக்கு மேற்பட்ட 303 பேர்கிட்ட. பாதிப் பேருக்குத் தபால்ல ஒரு சின்னக் கையேடு மட்டும் அனுப்பினாங்க. மாத்திரையால என்ன ஆபத்து, எப்படிப் படிப்படியாக் குறைக்கிறது, டாக்டர்கிட்டயும் மருந்துக் கடையிலயும் என்ன கேக்கணும்னு. ஆறு மாசத்துல அவங்கள்ல 27 சதவீதம் பேர் முழுசா விட்டுட்டாங்க. கையேடு வராத பாதியில விட்டவங்க 5 சதவீதம்தான். பெரியவங்களைப் பெரிய மனுஷங்களா நெனச்சுச் சொன்னாலே காவாசிப் பேர் விட்டுறாங்க. நாமதான் "அவருக்குச் சொன்னாப் புரியாது"ன்னு முடிவு பண்ணி வெச்சிருக்கோம்.

அப்புறம் தூக்கத்துக்கு நாங்க பண்ணின பரிசோதனைகள்.

ஜாதிக்காய் பால்: பக்கத்து வீட்டு ஆலோசனை. "ஒரு சிட்டிகை"ன்னு சொன்னாங்க, மாமா ஆர்வத்துல அரைக் காய் இழைக்கப் பாத்தாங்க. ஜாதிக்காய் அளவு மீறினா அதுவே விஷம். கையோட நிறுத்தினோம்.

மழைச் சத்தம் போடுற ஆப்: என் பொண்ணு ஐடியா. மாமா எந்திரிச்சு மொட்டை மாடிக்கு வத்தல் எடுக்கப் போயிட்டாங்க.

சத்தமே வராத புது ஃபேன்: படுதோல்வி! முப்பது வருஷம் ஸ்பின்னிங் சத்தத்துக்குள்ள இருந்த மனுஷனுக்கு நிசப்தம்தான் தூக்கத்தைக் கெடுக்குது. பரண்ல கெடந்த பழைய கடகட ஃபேனை எடுத்து மாட்டினதும் மாமா முகத்தைப் பாக்கணுமே. எங்களுக்குத்தான் தலைவலி.

உண்மையா உதவினது எல்லாம் ரொம்பச் சாதாரண சமாச்சாரம். நீர் மாத்திரையை டாக்டரம்மா காலைக்கு மாத்தினாங்க, ராத்திரி எந்திரிக்கிறது பாதியாக் குறைஞ்சுச்சு. முழங்கால் வலிக்குத் தனியா வைத்தியம் நடந்துச்சு. (முழங்கால் வலியாலதான் முழிப்பு வருதுன்னு மாமா யார்கிட்டயும் சொன்னதே இல்ல. கேட்டாத்தானே?) மத்தியானத் தூக்கம் அரை மணி நேரத்தோட கட். அஞ்சு மணிக்கு மேல காபி கிடையாது. எட்டரைக்குப் படுக்கிறதை பத்தரைக்குத் தள்ளினோம். இதுதான் கஷ்டமான பகுதி, ஏன்னா அந்த ரெண்டு மணி நேரம் மாமாவோட யாராவது இருக்கணும். தாயம் ஆடினோம். சாயங்காலம் முடங்கியார் ரோட்டுல மலையைப் பாத்து ஒரு நடை. ஜவஹர் மைதானத்துல கூட்டம்னா எந்தக் கட்சின்னு பாக்காம முன்வரிசையில உக்காந்து கேட்டுட்டு வருவாங்க.

எழுபது வயசுக்கு மேல ஆறு மணி நேரம் தூங்குனாலே நிறையப் பேருக்குப் போதும், நடுவுல முழிச்சுக்கிறதும் சகஜம்தான்னு டாக்டரம்மா சொன்னாங்க. எட்டரைக்குப் படுத்து ரெண்டரைக்கு முழிச்சா ஆறு மணி நேரம் ஆச்சே! அதுக்குப் பேரு தூக்கமின்மை இல்ல. சீக்கிரம் படுக்க வெச்சிருக்கோம், அவ்வளவுதான்.

இப்ப மாமாவுக்கு அந்த மாத்திரை கிடையாது. ரெண்டு மணிக்கு எந்திரிக்கிறாங்க, விளக்கைப் போட்டுப் பேப்பர் படிக்கிறாங்க, இருமுறாங்க, எங்க தூக்கம் போகுது. சங்குச் சத்தம் அப்புறம் கேக்கல. வல்லாரைக் கீரையும் வீட்டுக்கு வர்றதில்ல.

*

பெரியம்மா கதை இப்படி முடியல.

கல்யாணம் முடிஞ்சு அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியப்பா தவறிட்டாங்க, மகன் சென்னையில, பொண்ணு வெளிநாட்டுல. பெரிய வீடு, ஒத்தை ஆள். அலமாரியில பால்கோவா டப்பா. (சர்க்கரைக்காரங்க. ராத்திரி நாலு தடவை எந்திரிச்சா பால்கோவாவையும் விசாரிக்கணும்னு சொன்னேன். "ஊர்ப் பேரைக் காப்பாத்த வேண்டாமா?"ன்னாங்க.) மாமாவுக்குச் சொன்ன எல்லாத்தையும் சொன்னேன். காபி, மத்தியானத் தூக்கம், நடை.

பொறுமையாக் கேட்டுட்டுச் சொன்னாங்க: "தூக்கம் வருதோ இல்லையோடி. அதைப் போட்டா நெனப்பு வராது."

அதுக்கு எங்கிட்ட தாயக்கட்டை இல்ல.

தமிழ்நாட்டு ஜனத்தொகையில 60 வயசுக்கு மேற்பட்டவங்க 2021 கணக்குப்படி 13.6 சதவீதம்னு மதிப்பீடு. கேரளாவுக்கு அடுத்து நாமதான். இதுல எத்தனை பேரு ராத்திரி ஒன்பது மணிக்கு, நெனப்பு வராம இருக்க ஒரு மாத்திரையை முழுங்குறாங்களோ. மனச்சோர்வுக்குன்னு முறையா மருந்து இருக்கு, பேசிச் சரி பண்ற சிகிச்சை இருக்கு. ஆனா நம்ம ஊர்ல கிழவி அழுதா நரம்புத் தளர்ச்சி, கிழவன் கத்தினா பிடிவாதம். ரெண்டுக்கும் அதே மாத்திரை.

இன்னொண்ணும் சொல்லணும், கோவம் வந்தாலும் பரவாயில்ல. தலைக்கூத்தல்னு சொன்னா (வீட்டுப் பெரியவங்களைக் குடும்பத்துக்காரங்களே முடிச்சு விடுறது) நம்ம விருதுநகர் மாவட்டத்துக்காரங்க எல்லாரும் நெளிவோம். 2010 வாக்குல பேப்பர்ல வந்து நாறின விஷயம். 'பாரம்'னு படம் வந்துச்சு, தேசிய விருது வாங்குச்சு. 'கே.டி.' படத்துல கருப்புதுரை தாத்தா வீட்டை விட்டு ஓடுறதும் அதுக்குப் பயந்துதான். அதுவும் தூக்க மாத்திரையும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல, அது கொலை. ஆனா பெரியவங்க சத்தம் போடாம, எழுப்பாம, கேள்வி கேக்காம ஒரு மூலையில கெடந்தாப் போதும்ங்கிற எண்ணம் இருக்கே, அது அந்தச் சில குடும்பத்துக்கு மட்டும் சொந்தமில்ல.

இதைச் சொல்றப்ப, ராத்திரி பூரா முழிச்சுப் பாத்துக்கிற மருமகளையும் மகளையும் குத்தம் சொல்றதா எடுத்துக்காதீங்க. அவங்களுக்கும் தூக்கம் வேணும். அதுக்கு ஆள் மாத்தி முழிக்கணும், மகன்களும் எந்திரிக்கணும். எங்க வீட்டுல இப்ப ரெண்டு மணி இருமலுக்கு என் வீட்டுக்காரர்தான் டியூட்டி. (முழு நைட்!)

பெரியம்மாவை அடுத்த வாரம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லி இல்ல, அந்த நெனப்பைப் பத்திப் பேசுறதுக்கு. வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் சுருக்குப்பையில இருந்து வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.

உங்க வீட்டுலயும் ஒரு மஞ்சப்பையோ பிளாஸ்டிக் டப்பாவோ இருக்கும். இன்னைக்கே திறந்து பாருங்க. 0-0-1 போட்ட மாத்திரை ஒவ்வொண்ணும் யார் எழுதினது, எத்தனை நாளைக்கு எழுதினதுன்னு பாருங்க. வெட்டுன துண்டு அட்டையா இருந்தா, அடுத்த தடவை பேர் தெரியுற மாதிரி வாங்குங்க. பையை அப்படியே டாக்டர்கிட்ட கொண்டுபோய், "இது இன்னும் வேணுமா?"ன்னு கேளுங்க. நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. மனசு விட்டுப் பேச ஆள் வேணும்னா டெலிமானஸ் 14416, முதியோர் உதவிக்கு 14567. ரெண்டும் இலவசம், தமிழ்லயே பேசலாம்.